கம்ப்யூட்டர் வந்த பிறகும் துண்டுச்சீட்டு ஏன் போகவில்லை?

கேள்வி: தென் மாவட்டத்தில் 150 படுக்கை உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பரிண்டெண்டாக இருக்கிறேன். போன வருடம் புது மென்பொருள் போட்டார்கள். சிஸ்டர்கள் எல்லாவற்றையும் முதலில் கேஸ் ஷீட்டில் எழுதுகிறார்கள். பிறகு ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரிலும் ஏற்றுகிறார்கள். அதற்கும் மேலே ஆளுக்கொரு துண்டுச்சீட்டு வேறு. கன்சல்டண்ட்கள் ஆர்டரை வாட்ஸ்அப்பில் போடுகிறார்கள். “பயன்பாடு பாதிகூட இல்லை, நர்ஸ்கள் ஒத்துழைப்பதில்லை” என்கிறார் எங்கள் எம்.டி. (நிர்வாக இயக்குநர்). அடுத்து மருந்து கொடுக்க பார்கோடு கருவியும் வாங்கப் போகிறாராம். அடுத்த மாதம் மீட்டிங். மறுபடி பயிற்சி வகுப்பு வைக்கட்டுமா, இல்லை பேப்பருக்கே திரும்பிவிடலாம் என்று சொல்லட்டுமா? இருபத்தைந்து வருட சர்வீஸ் உள்ள சீனியர் சிஸ்டர் ஒருவர், இந்தக் கம்ப்யூட்டர் தொல்லைக்கு வேலையை விட்டுவிடுகிறேன் என்கிறார். அவரை என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சிஸ்டர்,

நேராகவே சொல்லிவிடுகிறேன். வகுப்பு வைத்தும் இது தீராது, பேப்பருக்குத் திரும்பியும் தீராது. டியூட்டி முடிந்ததும் உங்கள் சிஸ்டர்கள் கசக்கிப் போடுகிற அந்தத் துண்டுச்சீட்டை எடுத்து விரித்துப் பாருங்கள். மென்பொருளில் என்ன குறை என்பது அதில் இருக்கும்.

நான் வார்டில் இருந்த காலத்தில் மைக்ரோபோர் பிளாஸ்டரைக் கிழித்து யூனிஃபார்மில் ஒட்டி அதில் எழுதிக்கொள்வோம். அவசரத்துக்கு உள்ளங்கையிலும் எழுதியிருக்கிறோம். தகவல் பிரிவுக்கு வந்த பிறகு பல மருத்துவமனைகளின் சீட்டுகளைப் பார்த்துவிட்டேன். ஊரும் மென்பொருளும் மாறும், சீட்டு மட்டும் ஒரே மாதிரி இருக்கும். இடது ஓரத்தில் பெட் நம்பர், அடுத்து பெயர், என்ன நோய். அதற்குப் பக்கத்தில் 6, 8, 10, 12 என்று மணிக் கட்டங்கள். மூலையில் “சிடி பாக்கி”, “காலையிலிருந்து என்.பி.ஓ.” (வாய்வழியாக எதுவும் தரக் கூடாது), “பிளட் ஒரு யூனிட் வரணும்”, “மகன் வந்தபிறகு கன்சென்ட்” என்று குறிப்புகள்.

இப்போது மென்பொருளைத் திறந்து பாருங்கள். அங்கே எல்லாம் ஒவ்வொரு நோயாளிக்குள்ளேயும் அடைந்து கிடக்கும். ஐ.பி. நம்பரைப் போட்டால் ஒருவர் திறப்பார், அவருக்குள் வைட்டல்ஸ் (பி.பி., நாடி, மூச்சு, காய்ச்சல்) ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம், லேப் ஒரு பக்கம். டாக்டருக்கு இது சரி. அவர் ரவுண்ட்ஸில் ஒரு கட்டிலுக்கு முன்னால் நின்று அந்த ஒருவரைப் பற்றித்தான் யோசிப்பார். நர்ஸின் வேலை அப்படி இல்லை. எட்டு மணிக்குப் பன்னிரண்டு பேருக்கு மருந்து, ஒன்பதுக்கு இரண்டு பேரை ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும், பத்துக்கு ஒரு டிரெஸ்ஸிங் என்று வேலை மணியைப் பிடித்துக்கொண்டு ஓடும். எட்டு மணி மருந்து யார் யாருக்கு என்று தெரிந்துகொள்ளப் பன்னிரண்டு ஃபைலைத் திறந்து மூட வேண்டும் என்றால் யாராக இருந்தாலும் ஒரு தாளை எடுத்துத்தான் எழுதுவார்கள். இதற்குப் பெயர் ஒத்துழையாமை இல்லை.

நம் ஊர் மருத்துவமனை மென்பொருள்கள் பெரும்பாலும் பில்லிங்கிலும் ரிஜிஸ்ட்ரேஷனிலும் தொடங்கி, மெல்ல மெல்ல வார்டு வரைக்கும் வந்தவை. எத்தனை ஊசி போனது, எத்தனை கையுறை போனது என்று அவை அழகாகக் கணக்குச் சொல்லும். எந்த மருந்து இன்னும் போகவில்லை என்று கேட்டால்தான் திணறும். ஒரு துறைக்காகச் செய்த திரையை இன்னொரு துறை பார்க்கும்போது ஆபத்தும் வருகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவமனையில் ராஸ் கோப்பல் என்ற சமூகவியலாளரும் அவருடைய குழுவும் டாக்டர்கள் கம்ப்யூட்டரில் மருந்து ஆர்டர் போடுவதை ஆராய்ந்து 2005-இல் வெளியிட்டார்கள். அந்த ஏற்பாடே தூண்டிவிடக்கூடிய 22 வகைத் தவறுகளை அவர்கள் பட்டியலிட்டார்கள். அதில் ஒன்றை என்னால் மறக்க முடியவில்லை. திரையில் தெரிந்த மாத்திரை அளவுகள் உண்மையில் பார்மஸியில் என்ன ஸ்டாக் இருக்கிறது என்பதைக் காட்டுபவை. 10 மில்லிகிராம் மாத்திரை வாங்கி வைத்திருந்தால் 10 என்று காட்டும், அவ்வளவுதான். இளம் டாக்டர்கள் அதையே குறைந்தபட்ச டோஸ் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்னொன்று, ஒரே நோயாளியின் எல்லா மருந்துகளையும் பார்க்கச் சில நேரம் 20 திரைகள் வரை புரட்ட வேண்டியிருந்ததாம். அங்கேயே அப்படி என்றால் நம் சிஸ்டர்கள் சீட்டு எழுதுவதில் என்ன ஆச்சரியம்?

சரி, சீட்டைப் பார்த்தாயிற்று. அடுத்து, ஒரு ஷிஃப்டில் உங்கள் ஆட்கள் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதைக் கண்டுபிடியுங்கள். மீட்டிங் போட்டு “உங்களுக்கு என்ன தகவல் வேண்டும்?” என்று கேட்டால் உருப்படியான பதில் வராது. யாரும் பொய் சொல்லமாட்டார்கள், கேட்ட கேள்வியெல்லாம் அரை மணியில் மறந்து போயிருக்கும், அவ்வளவுதான். இது டாக்டர்களுக்கும் பொருந்தும். 1985-இல் வெளிவந்த ஒரு ஆய்வில் டேவிட் கோவெல் குழுவினர், வெளிநோயாளிகளைப் பார்க்கும் 47 டாக்டர்களிடம் எவ்வளவு அடிக்கடி புதுத் தகவல் தேவைப்படுகிறது என்று கேட்டார்கள். வாரத்துக்கு ஒரு முறை என்றார்கள். பிறகு பக்கத்திலேயே இருந்து விசாரித்தபோது மூன்று நோயாளிக்கு இரண்டு கேள்வி வீதம் எழுந்தது. அதில் நோயாளி இருக்கும்போதே விடை கிடைத்தது 30 சதவீதத்துக்குத்தான். அந்த விடையும் பெரும்பாலும் இன்னொரு டாக்டரிடமோ வேறு மருத்துவப் பணியாளரிடமோ கேட்டுக் கிடைத்தது. புத்தகத்தில் பார்ப்போம் என்று முன்பு சொன்னவர்கள் அவர்கள்.

அதனால் நீங்களும் நேரில் பாருங்கள். ஒரு வார்டு போதும், ஒரு வாரம் போதும். மூன்று ஷிஃப்டிலும் ஒருவர் நர்சிங் ஸ்டேஷனில் ஒரு நோட்டோடு உட்காரட்டும். யார் கேட்டார், என்ன கேட்டார், யாரிடம் கேட்டார், விடை கிடைத்ததா, எவ்வளவு நேரமானது என்று ஒரு வரி எழுதினால் போதும். நோயாளி பெயர் வேண்டாம். நைட் டியூட்டியை விட்டுவிடாதீர்கள், கேட்க ஆளில்லாத நேரத்தில்தான் உண்மையான தேவை தெரியும். உட்காருகிறவர் ஐ.டி. ஆளாகவோ எம்.டி. அலுவலகத்து ஆளாகவோ இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் அந்த வாரம் மட்டும் எல்லாரும் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார்ந்திருப்பார்கள். உங்களிடம் பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகளில் சூட்டிகையான ஒருவர் போதும்.

என்ன வரும் என்று ஓரளவு இப்போதே சொல்ல முடியும். முதலிடம் “ஆச்சா, வந்துச்சா” கேள்விகளுக்கு. சாம்பிள் லேபுக்குப் போச்சா, ரிசல்ட் வந்துச்சா, பார்மஸிக்கு இன்டென்ட் போட்ட மருந்து வந்துச்சா, பில்லிங் கிளியரன்ஸ் ஆச்சா, முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி வந்துச்சா. வார்டு போன் ஓயாமல் அடிப்பதற்கு இவைதான் காரணம். இந்த விடைகள் எல்லாம் ஏற்கெனவே உங்கள் மென்பொருளுக்குள் எங்கோ இருக்கும். லேப் ஆள் சாம்பிளை வாங்கியதும் ஒரு பட்டனைத் தட்டுகிறார், அந்தச் செய்தி வார்டுத் திரைக்கு வருவதில்லை. இதைச் சரிசெய்வது மென்பொருள்காரர்களுக்குப் பெரிய வேலை இல்லை. உங்களுக்குக் கிடைக்கிற நிம்மதி பெரியது. அதனால் இந்தக் கேள்விகளில் இங்கிருந்தே தொடங்குங்கள்.

அடுத்தது மருந்து அறிவு பற்றிய கேள்விகள். எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் கனமானவை. இரவு இரண்டு மணிக்கு வலிப்போடு வந்தவருக்குப் பினைட்டாயின் போட வேண்டும். அதை நார்மல் சலைனில்தான் கலக்க வேண்டும், டெக்ஸ்ட்ரோஸில் கலந்தால் படிந்துவிடும். பூஞ்சைத் தொற்றுக்குப் போடும் பழைய வகை ஆம்போடெரிசின் பி நேர் எதிர், அதற்கு 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்தான், சலைன் ஆகவே ஆகாது. இரண்டையும் மாற்றி நினைத்துக்கொள்ள ஒரு நொடி போதும். இதற்கெல்லாம் விடை இப்போது எங்கே இருக்கிறது? மருந்து டிராலியின் பக்கவாட்டில் யாரோ என்றோ எழுதி ஒட்டிய, டெட்டால் பட்டு மங்கிய ஒரு தாளில் இருக்கும். அல்லது ஐ.சி.யு.-வில் இருக்கும் அனுபவசாலி சிஸ்டரின் தலையில் இருக்கும். உங்கள் மருந்தாளுநரும் ஒரு டாக்டரும் சேர்ந்து ஊசி மருந்துகளுக்கு ஒரு கலப்பு அட்டவணை தயாரித்துக் கையெழுத்துப் போடட்டும். அந்த மருந்தின் பெயரைத் திரையில் தொட்டால் அதற்குரிய வரி வர வேண்டும். டிராலியிலும் லேமினேட் செய்த ஒரு பிரதி தொங்கட்டும், தேதி போட்டு.

இந்த இடத்தில் எச்சரிக்கைச் செய்தி பற்றியும் சொல்ல வேண்டும். மென்பொருள்காரர்கள் ஆர்வத்தில் எல்லா மருந்துக்கும் சிவப்புப் பெட்டி எழுப்பி வைப்பார்கள். 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், இப்படிப்பட்ட மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகளில் 49 முதல் 96 சதவீதம் வரை அப்படியே தள்ளிவிடப்பட்டிருந்தன. வேண்டியவை பத்து இருந்தால் போதும், மற்றதை அணைக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வகை, ஆளைத் தேடுவது. இன்று ஆர்த்தோவுக்கு ஆன்கால் (அழைத்தால் வர வேண்டிய டாக்டர்) யார், அனஸ்தீஷியா டாக்டர் கிளம்பிவிட்டாரா, ஹெச்.டி.யு.-வில் (கூடுதல் கண்காணிப்புப் பிரிவில்) பெட் காலியா. இதற்கு ஒரு பொதுப் பட்டியல் தினமும் காலையில் திரையில் வந்தால் போதும். ஆனால் அதைத் தினமும் மாற்றுவது யார் பொறுப்பு என்பதை முதலில் எழுதி வையுங்கள். பழைய ஆன்கால் பட்டியல், பட்டியலே இல்லாததைவிட மோசம்.

அப்புறம், கம்ப்யூட்டரில் ஏற்றவே கூடாத ஒரு வகை உண்டு. “அந்த அம்மாவுக்குப் புற்றுநோய் என்று இன்னும் வீட்டில் சொல்லவில்லை, பார்த்துப் பேசு”, “14-ஆம் பெட் தாத்தா பார்க்கவே ஒரு மாதிரி இருக்கிறார், வைட்டல்ஸ் சரிதான், ஆனாலும் கண் வைத்துக்கொள்.” மருத்துவமனையில் தகவலின் பெரும்பகுதி ஒருவருக்கொருவர் பேசித்தான் நகர்கிறது என்று ஆஸ்திரேலியாவில் மருத்துவத் தகவலியல் பேராசிரியராக இருக்கும் என்ரிகோ கொயேரா இருபது வருடத்துக்கும் மேலாகச் சொல்லிவருகிறார். அந்தப் பேச்சையெல்லாம் கட்டங்களாக மாற்றினால் கட்டம்தான் மிஞ்சும். கட்டிலருகே நின்று அடுத்த ஷிஃப்டுக்கு ஓவர் கொடுக்கிற (பொறுப்பை ஒப்படைக்கிற) வழக்கத்தை எந்த மென்பொருளுக்காகவும் விட்டுவிடாதீர்கள். அந்த நேரத்துக்கு ஒரு தாள் மட்டும் சிஸ்டம் அச்சடித்துத் தரட்டும். துண்டுச்சீட்டின் அதே அமைப்பில், பெட் வாரியாக, மணிக் கட்டங்களோடு, ஓரத்தில் கையால் எழுத இடம் விட்டு. மென்பொருள்காரர்களிடம் “நர்ஸ்களுக்கு வசதியாக இல்லை” என்று சொன்னால் பயிற்சிக்குத் தேதி கொடுத்துவிட்டுப் போவார்கள். “ஒரு சிஸ்டரின் பொறுப்பில் உள்ள எல்லா நோயாளிகளின் அடுத்த எட்டு மணி நேர வேலையும் ஏ4 தாளில் ஒரே பக்கத்தில் வேண்டும்” என்று சொல்லிக் கையோடு நான்கு துண்டுச்சீட்டை நகலெடுத்துக் கொடுங்கள். நோயாளி விவரத்தை அடித்துவிட்டுத்தான். அசல்களை அன்றே கிழித்துவிடுங்கள், குப்பைத்தொட்டியில் பெயரும் நோயும் கிடக்கக் கூடாது.

இப்போது உங்கள் முக்கியப் புலம்பலுக்கு வருகிறேன். இரண்டு இடத்தில் எழுதுவது. இதில் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். ஒரு தகவலுக்கு ஒரே இடம்தான். டி.பி.ஆர். சார்ட்டை (காய்ச்சல், நாடி, மூச்சு எழுதும் தாள்) எடுத்துக்கொள்வோம். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் கட்டில் முனையில் தொங்கும் சார்ட்டைத்தான் பார்க்கிறார் என்றால், கட்டிலருகே ஒரு டேப்லெட்டோ நகரும் கம்ப்யூட்டரோ வரும்வரை அது பேப்பரில் மட்டுமே இருக்கட்டும், கம்ப்யூட்டரில் ஏற்றுவதை நிறுத்துங்கள். லேப் ரிசல்ட் ஏற்கெனவே திரையில் வருகிறதா, அதைக் கேஸ் ஷீட்டில் கையால் பார்த்து எழுதுவதை நிறுத்துங்கள். பார்த்து எழுதும்போது பொட்டாசியம் 3.5 என்பது 5.3 ஆக எவ்வளவு நேரமாகும்? ஒவ்வொரு படிவமாக எடுத்து, இது எங்கே இருக்கும், யார் எழுதுவார், யார் பார்ப்பார் என்று மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் துறையோடும் டாக்டர்களோடும் உட்கார்ந்து முடிவெடுங்கள். என்.ஏ.பி.ஹெச். (மருத்துவமனைகளுக்குத் தர அங்கீகாரம் தரும் அமைப்பு) ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம் என்று யாராவது பயமுறுத்துவார்கள். பதிவு யார் செய்தது, எப்போது செய்தது என்று தெரிய வேண்டும் என்பதுதான் ஆடிட்டர் கேட்பது. ஒரே விஷயத்தை இரண்டு தடவை எழுதச் சொல்லி எந்த ஆடிட்டரும் கேட்டதில்லை. சொல்லப்போனால் இரண்டு இடத்திலும் வேறுவேறு நேரம் இருந்தால்தான் மாட்டிக்கொள்வீர்கள்.

அந்த நேர விஷயம் தனியாகக் கவனிக்க வேண்டியது. காலை ஆறு மணிக்குப் பார்த்த பி.பி.யை ஒன்றரை மணிக்கு ஏற்றினால், மென்பொருள் ஒன்றரை மணி என்றே முத்திரை குத்தும். அதைப் பார்க்கிற மதிய டியூட்டி டாக்டர் இது இப்போதைய பி.பி. என்று நினைத்துப் பி.பி. மாத்திரையைக் கூட்டலாம், குறைக்கலாம். பார்த்த நேரம் தனி, ஏற்றிய நேரம் தனி என்று இரண்டும் பதிவாக வேண்டும், திரையில் பெரிதாகத் தெரிய வேண்டியது பார்த்த நேரம். உங்கள் மென்பொருளில் இது இல்லை என்றால் மற்ற எல்லா வசதியையும் பின்னுக்குத் தள்ளி முதலில் இதைக் கேளுங்கள்.

உங்கள் பக்கம் மட்டும் பேசினால் சரியாக இருக்காது. ஷிஃப்ட் முடிவில் ஏற்றப்பட்ட வைட்டல்ஸை ஒரு வாரத்துக்கு எடுத்து மூச்சு எண்ணிக்கைக் கட்டத்தைப் பாருங்கள். எல்லாருக்கும் 20 இருக்கும், இல்லாவிட்டால் 18 இருக்கும். நிமோனியாக்காரருக்கும் 20, ஹெர்னியாக்காரருக்கும் 20. இது கம்ப்யூட்டர் கொண்டுவந்த வழக்கமில்லை, பேப்பர் காலத்திலும் அப்படித்தான், என்ன, யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. உடல்நிலை மோசமாகப் போவதை முதலில் காட்டுபவற்றில் ஒன்று மூச்சு எண்ணிக்கைதான். மென்பொருள்மீது நாம் வைக்கிற புகார் நியாயமாக இருக்க வேண்டுமென்றால் இதை நாமே திருத்திக்கொள்ள வேண்டும். எம்.டி. கண்டுபிடித்துச் சொல்வதற்கு முன்னால் நீங்கள் கண்டுபிடித்துவிடுவது நல்லது.

வாட்ஸ்அப். இதைத் தடைசெய்து சுற்றறிக்கை விட்டால் இரண்டு நாள் நிற்கும், மூன்றாம் நாள் வேறு பெயரில் குரூப் தொடங்கும். டாக்டர் ஏன் வாட்ஸ்அப்பில் போடுகிறார்? அவர் கிளினிக்கில் இருக்கிறார், உங்கள் மென்பொருளை அங்கிருந்து போனில் திறக்க முடியாது, குரூப்பில் போட்டால் அரை நிமிடத்தில் பதில் வருகிறது. ரிசல்ட்டைப் பார்க்கவும் ஆர்டர் போடவும் பாதுகாப்பான வழி ஒன்று அவர் போனிலேயே கிடைத்தால்தான் இது குறையும். அதுவரை சில கட்டுப்பாடுகள் வேண்டும். வாட்ஸ்அப்பில் வருவதைப் போன் ஆர்டராகவே கருதி, டியூட்டி டாக்டர் உடனே சிஸ்டத்தில் எழுத வேண்டும், கன்சல்டண்ட் அடுத்த ரவுண்ட்ஸில் கையெழுத்திட வேண்டும். மருந்தின் பெயர், அளவு, வழி, எத்தனை வேளை என்று திருப்பிச் சொல்லி உறுதிசெய்யாமல் ஊசி எடுக்கக் கூடாது. நோயாளி முகமும் பெயரும் தெரிகிற படங்கள் சிஸ்டர்களின் சொந்தப் போனில் இருக்கக் கூடாது, வார்டுக்கென்று மருத்துவமனைப் போன் ஒன்று கொடுங்கள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அது முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, தன் தகவல் எதற்காக, யாரிடம் போகிறது என்று நோயாளி கேட்டால் நிர்வாகம் பதில் சொல்ல வேண்டும். எம்.டி.யிடம் இதைச் சொன்னால் அவர் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்றையும் ஊகிக்கிறேன், நீங்கள் எழுதவில்லை. காலையில் இன்சார்ஜ் சிஸ்டர் லாகின் செய்துவிட்டு அப்படியே விட்டுவிடுவார், நாள் முழுக்க எல்லாரும் அதே பெயரில் ஏற்றுவார்கள். சரிதானே? லாகின் ஆக இரண்டு நிமிடம் ஆகிறது என்பதுதான் காரணமாக இருக்கும். நாளைக்கு ஒரு வழக்கு என்றால் அத்தனை பதிவுக்கும் அந்த ஒருவர் பதில் சொல்ல வேண்டிவரும். கைரேகையோ ஐ.டி. கார்டைத் தொட்டுத் திறப்பதோ வைத்துத் தரச் சொல்லுங்கள். பழைய கம்ப்யூட்டர்களையும் மாற்றச் சொல்லுங்கள், நர்சிங் ஸ்டேஷனுக்கு எப்போதும் அக்கவுண்ட்ஸில் கழித்ததுதான் வருகிறது.

பார்கோடு கருவி நல்லதுதான், ஆனால் இப்போது வேண்டாம். கோப்பல் குழு 2008-இல் அதையும் ஆராய்ந்தது. மருந்தைக் கொடுக்கும் முன் நோயாளியின் கைப்பட்டையை ஸ்கேன் செய்ய வேண்டும் என்பது விதி. பட்டை நனைந்திருக்கிறது, வண்டி கட்டிலருகே போகவில்லை, பேட்டரி தீர்ந்துவிட்டது, நோயாளியைப் பாதித் தூக்கத்தில் எழுப்ப மனமில்லை. அதனால் நர்ஸ்கள் கூடுதலாகப் பட்டை அடித்து வண்டியிலும் கதவு நிலையிலும் ஒட்டி வைத்து அங்கேயே ஸ்கேன் செய்தார்கள். இடுப்பு வளையத்தில் கொத்தாக மாட்டிக்கொண்டு திரிந்தவர்களும் உண்டு. இப்படி 15 வகைக் குறுக்குவழிகளையும், அவற்றுக்கு 31 காரணங்களையும் எழுதியிருக்கிறார்கள். கணக்கில் பார்த்தால் ஸ்கேன் எல்லாம் சரியாக நடந்திருக்கும். உங்கள் வார்டில் வைஃபை எல்லாக் கட்டில் வரைக்கும் எட்டுகிறதா, ஒற்றை ஆம்பூலில் (ஊசி மருந்துச் சிறு குப்பியில்) பார்கோடு இருக்கிறதா என்று பார்க்காமல் அந்தப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

கரண்ட் போனால், நெட்வொர்க் போனால் என்ன செய்வது என்பதையும் எழுதி வையுங்கள். 2022 நவம்பர் 23-ஆம் தேதி டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைத் தீய மென்பொருள் முடக்கியபோது, ஓ.பி. சீட்டிலிருந்து லேப் ரிப்போர்ட் வரை இரண்டு வார அளவில் கையால் எழுதித்தான் ஓட்டினார்கள். உங்கள் ஒவ்வொரு வார்டிலும் ஒரு பெட்டியில் வெற்றுப் படிவங்கள் இருக்கட்டும். சிஸ்டம் திரும்பியதும் யார் எதை ஏற்றுவது என்பதும் அதில் இருக்கட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பாருங்கள்.

இனி மீட்டிங். “பயன்பாடு எத்தனை சதவீதம்” என்ற கேள்வியையே மாற்ற வேண்டும். லாகின் எண்ணிக்கையை வைத்து நோயாளிக்கு ஏதாவது நடந்ததா என்று சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக நான்கு அளவுகளை முன்வையுங்கள்: ஆன்டிபயாட்டிக் ஆர்டர் போட்டதிலிருந்து முதல் டோஸ் போக எவ்வளவு நேரம், வார்டிலிருந்து லேபுக்கும் பார்மஸிக்கும் ஒரு நாளில் எத்தனை போன், டிஸ்சார்ஜ் சொன்னதிலிருந்து நோயாளி வாசலைத் தாண்ட எத்தனை மணி, ஒரே தகவலை எத்தனை இடத்தில் எழுதுகிறோம். இதில் போன் கணக்கு உங்கள் ஒரு வார நோட்டிலிருந்தே ஓரளவு கிடைத்துவிடும்.

எம்.டி. நம்பாவிட்டால் இரண்டு குழந்தைகள் மருத்துவமனைகளின் கதையைச் சொல்லுங்கள். பிட்ஸ்பர்க்கில் மருந்து ஆர்டரைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினார்கள். வேறு இடங்களிலிருந்து அவசரமாகக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளின் இறப்பு விகிதம் 2.8 சதவீதத்திலிருந்து 6.57 ஆகிவிட்டது என்று 2005-இல் அவர்களில் சிலரே எழுதினார்கள். முன்பெல்லாம் ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருக்கும்போதே மருந்துக்கு எழுதித் தயாராக இருப்பார்கள். புது ஏற்பாட்டில் குழந்தை வந்து பதிவான பிறகுதான் ஆர்டர் போட முடிந்தது. மருந்தும் மையப் பார்மஸிக்குப் போய்விட்டது, நர்ஸ்கள் கட்டிலை விட்டுக் கம்ப்யூட்டரிடம் போய்விட்டார்கள். அதே நிறுவனத்தின் மென்பொருளைச் சியாட்டிலிலும் போட்டார்கள், அங்கே இறப்பு அப்படிக் கூடவில்லை. வாங்கிய பொருளை மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் புரியாது. எந்த வேலை எங்கே எப்போது நடக்கிறது என்று பார்த்து வைத்தார்களா என்பதுதான் கேள்வி.

நம் மாநிலத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. கர்ப்பிணிகளைப் பதிவுசெய்யும் பிக்மி. கிராம சுகாதார செவிலியர்களுக்கு அதில் வேலைச்சுமை உண்டுதான், குறையும் சொல்வார்கள். ஆனாலும் அந்தப் பதிவில் கிடைக்கும் எண் பிறப்புச் சான்றிதழுக்குத் தேவை என்று ஆனதும், “எனக்கு நம்பர் போட்டுக் கொடுங்கள்” என்று தாய்மார்களே கேட்டு வாங்குகிறார்கள். உங்கள் சிஸ்டர்கள் ஏற்றுவதில் அவர்களுக்கே திரும்பக் கிடைப்பது என்ன என்று எம்.டி.யிடம் கேளுங்கள். இன்றைய நிலையில் ஒன்றுமில்லை. ஓவர் தாள் அச்சாகி வந்தால் ஒன்று கிடைக்கும்.

பயிற்சி அதற்குப் பிறகு. அதையும் மாடி ஹாலில் நாற்காலி போட்டு நடத்த வேண்டாம். வார்டிலேயே, டியூட்டி நேரத்திலேயே, நன்றாகக் கற்றுக்கொண்ட ஒரு சிஸ்டர் பக்கத்தில் நின்று காட்டட்டும். அந்த நாட்களில் அவருக்கு நோயாளிகளைக் குறைத்துக் கொடுங்கள்.

கடைசியாக உங்கள் சீனியர் சிஸ்டர். அவரை விட்டுவிடாதீர்கள். பினைட்டாயினை எதில் கலப்பது என்று இரவில் மற்றவர்கள் போன் போட்டுக் கேட்பது அநேகமாக அவரிடம்தான் இருக்கும். கலப்பு அட்டவணையைச் சரிபார்க்கும் வேலையையும் ஓவர் தாளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று முடிவுசெய்வதையும் அவரிடம் கொடுங்கள். அவர் சொன்ன மாதிரி ஒரு கட்டம் திரையில் வந்துவிட்டால் அதைத் தொட்டுப் பார்க்காமல் இருக்கமாட்டார். டைப் செய்வதுதான் கூச்சம் என்றால், பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கிற மாதிரித் திரைகளை மட்டும் முதலில் கொடுங்கள், நர்ஸஸ் நோட்ஸைத் தமிழில் பேசிப் பதிவுசெய்ய வழி இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். இளைய சிஸ்டர்கள் முன்னால் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், தனியாகச் சொல்லிக்கொடுக்கட்டும். கற்றுக்கொள்கிற மாதம் முழுக்கக் காலை ஷிஃப்ட் மட்டும் போடுங்கள், இரவில் மாட்டிக்கொண்டால் கேட்க ஆளிருக்காது.